சுரங்கத்தைக் கட்டியவர்களின் பெயர் எங்கே?

பழைய கோயிலோ கோட்டையோ இருக்கும் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு சுரங்கக் கதை கிடைக்கும். இந்தக் கோயிலிலிருந்து அந்தக் கோயிலுக்குப் பாதை உண்டு, ராஜா குதிரையில் போவார், ராணி குளிக்கப் போவாள், பகைவர் வந்தால் புதையலோடு தப்பிப்பார்கள். இப்போது பாம்பு இருப்பதால் அடைத்துவிட்டார்கள். உத்திரமேரூர் பக்கத்தில் வளர்ந்த எங்களில் பலர் இந்தக் கதைகளைக் கேட்டே பள்ளிக்குப் போனவர்கள். கதையில் ராஜா இருக்கிறார், ராணி இருக்கிறாள், குதிரைகூட இருக்கிறது. மண்ணை வெட்டியவர் இல்லை. செங்கல் சுமந்தவர் இல்லை. அந்த இருட்டில் மூச்சுமுட்ட வேலை செய்தவரைப் பற்றி ஒரு வரி இல்லை.

வரலாறு படிக்கும் தம்பி தங்கைகளோடு சேர்ந்து இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கத்தான் நாங்கள் சதுரங்கப்பட்டினம் போனோம். உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டு, அங்கிருந்து திருக்கழுக்குன்றம், பிறகு கல்பாக்கம். 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும்வரை அதுவும் நம் காஞ்சிபுரம் மாவட்டம்தான். அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி இடிந்து நிற்கிறது டச்சுக்காரர்களின் கோட்டை. வெள்ளைக்காரர்கள் வாயில் 'சத்ராஸ்' ஆகிவிட்ட ஊர். டச்சுக்காரர் வருவதற்கு முன்பே அது துறைமுகம். சம்புவராயர் காலத்தில் அதற்கு ராஜநாராயணன் பட்டினம் என்று பெயர்.

சுரங்கம் எதற்கு?

கோட்டை இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலில் பீரங்கிகள். உள்ளே பெரிய தானியக் கிடங்குகள், வளைவுக் கூரை போட்ட அறைகள், கீழே இறங்கிப் போகும் தாழ்ந்த செங்கல் பாதைகள். நிமிர்ந்து நடக்க முடியாது, குனிந்துதான் போக வேண்டும். வெளிச்சம் சில அடிகளில் முடிந்துவிடுகிறது. வௌவால் நாற்றம்.

அங்கே புல் வெட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் எங்களோடு வந்த மாணவி கேட்டாள்: "இது எங்கம்மா போவுது?"

"மாபலிபுரம் வரைக்கும் போவுதுன்னு எங்க தாத்தா சொல்லுவாரு பாப்பா. நான் பாக்கல."

மாமல்லபுரம் பத்து கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. கடற்கரை மணலில் சில அடி தோண்டினாலே தண்ணீர் ஊறும். அந்த மணலுக்கு அடியில் பத்து கிலோமீட்டர் பாதை நிற்காது. இத்தகைய கடலோரக் கோட்டைகளின் சுரங்கம் பெரும்பாலும் 'தோண்டியது' அல்ல, 'கட்டியது'. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து வளைவு கட்டுவார்கள். அதன்மேல் மண்ணைக் கொட்டி மூடுவார்கள். பீரங்கிக் குண்டு விழுந்தால் அடியை மண் வாங்கிக்கொள்ளும், பாரத்தை வளைவு இருபக்கச் சுவருக்கும் பிரித்துக் கொடுக்கும். உள்ளே இருக்கும் வெடிமருந்தும் தானியமும் துணிப் பொதிகளும் பத்திரமாக இருக்கும். முற்றுகை வந்தால் ஆள் வெளியேற ஒரு சிறு வழியும் இருக்கும். ராணி குளிக்கப் போகும் பாதை அல்ல இது. ஒரு வியாபாரக் கம்பெனி தன் சரக்கைக் காப்பாற்றிக்கொள்ளக் கட்டிய பெட்டகம்.

இதைப் புரிந்துகொண்டால் அடுத்த கேள்வி தானாக வரும். அந்தச் சரக்கு என்ன?

துணியும் மனிதர்களும்

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602இல் தொடங்கப்பட்டது. அது தேடி வந்தது நறுமணப் பொருட்களை. ஜாதிக்காயும் கிராம்பும் விளைந்த தீவுகளில் வெள்ளிக் காசைவிடச் சோழமண்டலக் கரையின் துணிக்கு மதிப்பு அதிகம். அதனால் துணி வாங்க இங்கே வந்தார்கள். 1605இல் மசூலிப்பட்டினம், 1610இல் பழவேற்காடு, 1613இல் அங்கே ஜெல்ட்ரியா கோட்டை. 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். சதுரங்கப்பட்டினம் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. அங்கிருந்து கப்பலேறிய மெல்லிய மஸ்லின் துணிக்கு நல்ல பெயர். சுற்றுலாப் பலகைகளும் பள்ளிப் பாடங்களும் சொல்வது இதுவரைக்கும்தான்.

அதே கம்பெனி வாங்கி விற்ற இன்னொரு சரக்கு மனிதர்கள். 1621இல் டச்சுக் கம்பெனியின் தலைமை ஆளுநர் ஜான் பீட்டர்ஸூன் கோன் பாண்டா தீவுகள்மேல் படையெடுத்தார். அந்த மக்களில் பெரும்பகுதியினர் கொல்லப்பட்டார்கள், பட்டினி கிடந்து செத்தார்கள், நாடு கடத்தப்பட்டார்கள். ஆளில்லாமல் போன ஜாதிக்காய்த் தோட்டங்களில் வேலை செய்ய அடிமைகள் வேண்டும். பதேவியா நகரத்தைக் கட்ட அடிமைகள் வேண்டும். பிறகு இலங்கையிலும் வேண்டும். அந்தத் தேவையைத் தீர்த்த இடங்களில் ஒன்று நம் கரை.

இந்த விற்பனை ஆண்டு முழுவதும் ஒரே அளவில் நடக்கவில்லை. பஞ்சமும் போரும் வந்தபோதெல்லாம் பெருகியது. 1622-23 பஞ்சத்தில் சுமார் 1,900 பேர் இந்தக் கரையின் துறைமுகங்களிலிருந்து ஏற்றப்பட்டார்கள். 1659 முதல் 1661 வரை தஞ்சை நாட்டைப் பீஜப்பூர்ப் படைகள் சூறையாடியபோது, பஞ்சத்தில் தவித்தவர்களில் 8,000 முதல் 10,000 பேர் வரை அடிமைகளாக வாங்கப்பட்டு இலங்கைக்கும் பதேவியாவுக்கும் மலாக்காவுக்கும் போனார்கள் என்று அடிமை வணிகத்தை ஆராய்ந்த மார்கஸ் விங்க் கணக்கிட்டிருக்கிறார். இது டச்சுக்காரரின் தனிப் பாவமும் அல்ல. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து ஆங்கிலேயர்களும் அடிமைகளை ஏற்றினார்கள். 1688இல்தான் அதற்குத் தடை போட்டார்கள்.

இந்த இடத்தில் நம் மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சதுரங்கப்பட்டினத்தின் அந்தக் குறிப்பிட்ட சுரங்கத்தில் நம் மக்கள் சங்கிலியில் கட்டப்பட்டுக் கிடந்தார்கள் என்று எழுதிவிட ஆசை வரும். படமும் நன்றாக இருக்கும், பகிர்வும் பெருகும். எழுதாதீர்கள். ராஜா குதிரையில் போன கதைக்கு நாம் சொல்லும் பதில் இன்னொரு கதையாக இருக்கக் கூடாது. ஆதாரம் இல்லாமல் பேசும் வசதி ஆதிக்கச் சாதிகளுக்கு உண்டு. அவர்கள் கதையைக் கோயில் தல புராணம் என்று அச்சடிப்பார்கள். நாம் ஒரு வரி தவறாகச் சொன்னால் நம் முழு வரலாற்றையும் பொய் என்பார்கள். நமக்குத் தேவையான உண்மை கம்பெனியின் சொந்தக் கணக்குப் புத்தகங்களிலேயே வேண்டிய மட்டும் இருக்கிறது. அவை நெதர்லாந்தின் ஹேக் நகரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

விற்றது யார்?

வாங்கியவன் டச்சுக்காரன். விற்றவன்?

வெளியிலிருந்து வந்த கம்பெனி ஊர் ஊராகப் போய் ஆளைப் பிடிக்க முடியாது. தரகர் வேண்டும். தரகருக்கு விற்க ஆள் வேண்டும். விற்பதைக் குற்றமாக நினைக்காத சமூகமும் வேண்டும். இவை எல்லாம் இங்கே தயாராக இருந்தன. பஞ்சத்தில் முதலில் பட்டினி கிடப்பவர் நிலமில்லாதவர். களத்தில் கூலி நின்றதும் அடுப்பு அணைவது சேரியில். பெற்ற பிள்ளையை விற்கும் நிலைக்கு வந்த தாய்தகப்பன்மார் எந்தத் தெருவில் இருந்திருப்பார்கள் என்று யோசிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. டச்சுக்காரன் அடிமைமுறையை இங்கே கொண்டுவரவில்லை. நிலத்தோடு சேர்த்து ஆளையும் விற்கும் பழக்கம் இங்கே ஏற்கெனவே இருந்தது. அவன் அந்த ஆளைக் கடல் கடத்தினான்.

ராஜராஜனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரி நீக்கிய இடங்களின் பட்டியல் வரும். அதில் ஊர் நத்தம் வேறு, பறைச்சேரி வேறு, தீண்டாச்சேரி வேறு. சுடுகாடுகூடத் தனித்தனி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஊரும் சேரியும் கல்லில் பிரித்து எழுதப்பட்டிருக்கின்றன. இதை எழுதியவன் வெள்ளைக்காரன் அல்ல.

நம் உத்திரமேரூருக்கு வருவோம். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவனது 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்தவை, அதாவது கி.பி. 919, 921. குடவோலை முறையின் விதிகளைச் சொல்பவை. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இந்தக் கல்வெட்டைப் பெருமையோடு குறிப்பிட்டார். இந்தியா ஜனநாயகத்தின் தாய் என்பதற்கு நம் ஊரே சாட்சியாம்.

கல்வெட்டைப் படியுங்கள். முப்பது குடும்பு, ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று நிர்வாகம் நேர்த்தியாகத்தான் இருக்கிறது. கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் நிற்கக் கூடாது என்ற விதி இன்றைய ஆட்சியாளர்களுக்கும் வேண்டும். ஆனால் ஓலையில் யார் பெயர் எழுதப்படலாம்? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வைத்திருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் ஓதத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றிருந்தால் அரைக்கால் வேலி நிலமே போதும். அது சதுர்வேதிமங்கலம், பார்ப்பனர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். கீழோரோடு பழகிப் 'பதிதர்' ஆனவர்கள் பிராயச்சித்தம் செய்யும்வரை அவர்கள் பெயரையும் குடத்தில் போட முடியாது. அந்தச் சபையின் ஏரியை வெட்டியவர், வாய்க்காலில் மண் அள்ளியவர், வயலில் நாற்று நட்டவர் ஒருவர் பெயரும் அந்தக் குடத்துக்குள் போகவில்லை. எந்தப் பெண்ணின் பெயரும் போகவில்லை. பெயரைக் குடத்துக்குள் விடாத அதே ஒழுங்குதான் ஆளைக் கப்பலுக்குள் தள்ளவும் இடம் கொடுத்தது. கிராமத்தைக் குடியரசு என்று கொண்டாடியவர்களுக்கு 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் ஏன் அவ்வளவு கடுமையாகப் பதில் சொன்னார் என்பதை எங்கள் ஊர்ச் சுவரே விளக்கும்.

கல்லறையில் உள்ள பெயர்கள்

சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குள் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 17, 18ஆம் நூற்றாண்டுக் கற்கள். டச்சு மொழியில் பெயர், பிறந்த ஊர், பதவி, இறந்த நாள் எல்லாம் அழகாகச் செதுக்கியிருக்கிறார்கள். முந்நூறு ஆண்டு உப்புக் காற்றுக்குப் பிறகும் எழுத்தைப் படிக்க முடிகிறது. கம்பெனி அதிகாரியின் மனைவிக்குக் கல் இருக்கிறது, குழந்தைக்கும் இருக்கிறது. இந்த வளைவுகளுக்குச் சுண்ணாம்பு அரைத்தவருக்கு இல்லை. கிளிஞ்சல் பொறுக்கிச் சுட்டவருக்கு இல்லை. தலையில் செங்கல் சுமந்து ஏறிய பெண்ணுக்கு இல்லை. துணி நெய்த நெசவாளிக்கும் இல்லை.

கப்பலில் போனவர்களுக்கு வேறு பெயர் வைத்தார்கள். எஜமானன் இஷ்டத்துக்கு ஒரு கிறிஸ்தவப் பெயர், பக்கத்தில் பிடித்துவந்த இடத்தின் பெயர். தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை ஆவணங்களில் 'வான் கோரமண்டல்', அதாவது சோழமண்டலத்தைச் சேர்ந்த என்ற ஒட்டோடு பல பெயர்கள் உண்டு. பதேவியாவில் தண்டிக்கப்பட்டு 1657இல் அங்கே நாடு கடத்தப்பட்ட ஓர் அடிமைப் பெண்ணை அந்த ஆவணங்கள் கத்தரினா வான் பலியகாட்டா என்கின்றன. பழவேற்காட்டு கத்தரினா. அவள் தாய் அவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாள் என்பதை எழுதிவைக்க எவருக்கும் தோன்றவில்லை.

1781இல் ஆங்கிலேயர் சதுரங்கப்பட்டினத்தைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அதே கடலில் பிரெஞ்சுக் கப்பற்படையும் ஆங்கிலக் கப்பற்படையும் மோதின. கோட்டை கைமாறியது, இடிந்தது. 1824 உடன்படிக்கையோடு இந்தியாவில் இருந்த டச்சு இடங்கள் ஆங்கிலேயருக்குப் போயின. டச்சுக் காலனிகளில் ஜாவா பக்கம் அடிமைமுறை 1860இல் ஒழிந்தது. 2022 டிசம்பர் 19 அன்று நெதர்லாந்துப் பிரதமர் தன் நாட்டின் அடிமை வணிகத்துக்காக மன்னிப்புக் கேட்டார். 2023 ஜூலை 1 அன்று அந்நாட்டு மன்னரும் கேட்டார். வாங்கியவன் மன்னிப்புக் கேட்டுவிட்டான், காலம் கடந்தாவது. விற்றவன் பரம்பரை இன்னும் 'ஆண்ட பரம்பரை' என்று பேனர் வைத்துக்கொண்டிருக்கிறது.

கோட்டைக்கு வெளியே

கோட்டை இடிந்ததால் அடிமைத்தனம் இடியவில்லை. ஆங்கிலேயர் 1843இல் ஐந்தாவது சட்டம் கொண்டுவந்தார்கள். அடிமை என்பதை இனி நீதிமன்றம் ஏற்காது என்றது அது. செங்கல்பட்டு மாவட்ட வயல்களில் படியாள் படியாளாகவே இருந்தான். காரணம் எளிது. அவன் குடிசை நின்ற மண் மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் அன்று இரவே வீடு போகும். புறம்போக்கு நிலத்துக்கு மனுப் போட்டாலும் முதல் உரிமை மிராசுதாருக்கு. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் இந்த நிலையைத்தான் அறிக்கையாக எழுதினார். அதன் விளைவாக 1892இல் வந்த அரசாணையால் நமக்குக் கிடைத்தது பஞ்சமி நிலம். அதற்கு அடுத்த ஆண்டு, மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி ஒதுக்கினார்களோ அந்தப் பெயரையே தலைப்பில் அச்சிட்டார்.

தமிழ்நாடு முழுவதும் 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் கொடுக்கப்பட்டது என்று நில மீட்பு இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அதில் பெரும்பகுதி இன்று நம் கையில் இல்லை. செங்கல்பட்டுப் பகுதியில் காரணை கிராமத்து மக்கள் தங்கள் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். சதுரங்கப்பட்டினம் போகும் வழியில்தான் செங்கல்பட்டு இருக்கிறது. கோட்டை பார்க்கப் போகும் பள்ளிப் பேருந்துகள் அந்த ஊரைத் தாண்டித்தான் போகின்றன. அந்த இரண்டு பெயரைச் சொல்ல வண்டியை நிறுத்துவதில்லை.

நகரத்துக்கு அடியில் இருக்கும் இருட்டு பழங்கதையும் அல்ல. சென்னையின் சாலைகளுக்குக் கீழே இன்றும் பாதைகள் ஓடுகின்றன. அவை பாதாளச் சாக்கடைகள். அங்கே இறங்குபவர் எந்தச் சாதி என்று கேட்க வேண்டியதில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் புதிய சட்டம் 2013இல் வந்தது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. சட்டம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது, சாவு நிற்கவில்லை. 1993 முதலான சாக்கடை மரணங்களுக்கு நாடாளுமன்றத்தில் தரப்பட்ட கணக்குகளில் தமிழ்நாடுதான் முதலிடம். இறந்த மறுநாள் செய்தித்தாளில் ஒரு பத்தி வரும். 'தொழிலாளி பலி' என்று தலைப்பு. பெயர் உள்ளே சின்ன எழுத்தில்.

என்ன செய்யலாம்?

மரபு நடை என்ற பெயரில் கல்லூரிகள் மாணவர்களைக் கோட்டைகளுக்கும் கோயில்களுக்கும் அழைத்துப் போகின்றன. போங்கள், கட்டாயம் போங்கள். நம் முன்னோர் கட்டிய இடங்களை நாம் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது? ஆனால் கையில் சில கேள்விகளோடு போங்கள். இதைக் கட்டிய கூலி எங்கிருந்து வந்தது? கட்டியவர்கள் எங்கே குடியிருந்தார்கள்? கட்டி முடித்த பிறகு அவர்களை உள்ளே விட்டார்களா? இந்த இடத்தின் தகவல் பலகையில் எத்தனை பெயர் இருக்கிறது, அதில் உழைத்தவர் பெயர் எத்தனை? வழிகாட்டி பதில் சொல்லவில்லை என்றால் கேள்வியை எழுதி வையுங்கள். சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஆய்வு மாணவர்கள் அனுமதி வாங்கிப் படிக்கலாம். உங்களில் யாராவது ஒருவர் பழைய டச்சு மொழி கற்றுக்கொண்டால் போதும், நம் கரையின் நூறு ஆண்டு வரலாறு திறக்கும்.

ஊரிலும் வேலை இருக்கிறது. உங்கள் தெருப் பெரியவர்கள் எந்த ஏரிக்கு மண் சுமந்தார்கள், எந்தப் பண்ணையில் படியாளாக நின்றார்கள், எந்த நிலம் கைவிட்டுப் போனது என்று கேட்டுப் பெயரோடும் சர்வே எண்ணோடும் எழுதுங்கள். கைபேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். நிலப் பதிவேட்டில் 'டி.சி.' என்று குறித்திருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். எங்கள் குழு உத்திரமேரூர் வட்டத்தில் இதைத் தொடங்கியிருக்கிறது. முதல் நோட்டில் இதுவரை எழுதியவை எல்லாம் குடத்துக்குள் போகாத பெயர்கள்தான். உங்கள் ஊர்ப் பெயர்களை நீங்கள் எழுதுங்கள். நமக்காக வேறு யாரும் எழுதப்போவதில்லை.